"சார், அந்த 28 பேர் யாரு?"

#1 கரும்பலகை_வாசு (மதுரை) · ஞாயிறு இரவு 9:40

பதினோரு வருஷமாக இன்ஜினியரிங் பசங்களுக்கு நியூமெரிக்கல் மெத்தட்ஸ், அதாவது கம்ப்யூட்டரில் தோராயமாகக் கணக்குப் போடும் முறைகள், எடுக்கிறேன். முதல் வாரம் பிழைகளைப் பற்றிப் பேசும்போது எல்லா வாத்தியாரும் காட்டுகிற அதே ஸ்லைடைத்தான் நானும் காட்டுவேன். 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர். சவூதியில் தஹ்ரான். இராக் விட்ட ஸ்கட் ஏவுகணையை அமெரிக்காவின் பேட்ரியாட் என்ற ஏவுகணைத் தடுப்பு அமைப்பு தடுக்கவில்லை. காரணம், 0.34 நொடி பிழை. 28 பேர் சாவு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பேட்ரியாட்டின் கம்ப்யூட்டர் நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணிக்கொண்டே போகும். அதை நொடியாக்க 0.1 ஆல் பெருக்கவேண்டும். நமக்கு 0.1 சின்ன எண். 0, 1 மட்டுமே உள்ள பைனரியில் எழுதினால் அது முடியவே முடியாது, நாம் மூன்றில் ஒன்றை 0.3333 என்று எழுதிக்கொண்டே போவது போல. 24 பிட்டோடு, அதாவது 24 பைனரி இலக்கத்தோடு, வெட்டினால் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் 0.000000095 நொடி காணாமல் போகும். இதுதான் ரவுண்டிங் பிழை. அன்றைக்கு அந்த மெஷின் 100 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடியிருந்தது. 100 மணி என்றால் 36 லட்சம் எண்ணிக்கை. பெருக்கிப் பாருங்கள், 0.34 வரும். ஸ்கட் ஒரு நொடிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் பாயும். ஆக அரை கிலோமீட்டருக்கும் அதிகமாகத் தப்பு.

இதைச் சொல்லிவிட்டு வழக்கம்போல, "அதனால ரவுண்டிங் விஷயத்துல கவனமா இருங்க" என்று அடுத்த ஸ்லைடுக்குப் போனேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண் கை தூக்கினாள். "சார், அந்த 28 பேர் யாரு?"

"சோல்ஜர்ஸ்மா" என்றேன். "யாருன்னு கேட்டேன் சார்" என்றாள். கிளாஸே சிரித்தது. நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷமாக ஒன்பது தசம இடம் வரை பிசகாமல் பிழையைச் சொல்லியிருக்கிறேன், செத்தவர்களைப் பற்றி ஒரு வரி கூடத் தெரியாது.

கொஞ்சம் தேடியதில் கிடைத்தது: 28 பேரில் 13 பேர் ஒரே யூனிட். 14ஆவது குவார்ட்டர்மாஸ்டர் டிடாச்மென்ட், அதாவது படைக்குத் தேவையானதைக் கொடுக்கும் சிறிய பிரிவு. அமெரிக்க ராணுவத்தின் ரிசர்வ் படை, பென்சில்வேனியாவில் கிரீன்ஸ்பர்க் என்ற சிறிய ஊர். வேலை, தண்ணீர் சுத்திகரிப்பு. இதற்கு மேல் விஷயம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

—

#2 பிட்_பாபு · ஞாயிறு இரவு 10:15

வாசு சார், கணக்கு சரி, ஆனா கதை பாதிதான். வெறும் ரவுண்டிங் பிழையாக இருந்திருந்தால் இவ்வளவு மோசமாகியிருக்காது. எல்லா இடத்திலும் ஒரே அளவு தப்பு இருந்தால், ஒரு நேரத்திலிருந்து இன்னொன்றைக் கழிக்கும்போது அது அடிபட்டுப் போகும். ஸ்கட்டின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவேண்டும் என்று இடையில் நேரம் மாற்றும் ரொட்டீனை (புரோகிராமின் ஒரு சிறு பகுதி) துல்லியமாக்கினார்கள். அதைக் கூப்பிடுகிற எல்லா இடத்திலும் மாற்றவில்லை. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு. கழித்தால் மொத்தப் பிழையும் வெளியே வந்து நிற்கும். பழைய கோடில் கை வைத்த எல்லோருக்கும் இது தெரிந்த வியாதி.

அப்புறம், "தடுக்கவில்லை" என்றால் ஏவி, குறி தப்பியது என்று பலர் நினைக்கிறார்கள். ஏவவே இல்லை. ரேடார் வானத்தில் ஏதோ ஒன்றைப் பார்த்தது. அது அடுத்த நொடி எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டு, அந்த இடத்தில் மட்டும் மறுபடி பார்க்கும். கணக்கு தப்பானதால் காலி வானத்தைப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை, ஆகவே முதலில் பார்த்ததும் பொய்த் தடயம் என்று விட்டுவிட்டது.

இதில் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? பிப்ரவரி 11ஆம் தேதியே, பேட்ரியாட் வைத்திருந்த இஸ்ரேல்காரர்கள் சொல்லிவிட்டார்கள், எட்டு மணி நேரம் தொடர்ந்து ஓடினாலே குறி நகருகிறது என்று. 16ஆம் தேதி திருத்திய சாஃப்ட்வேர் ரெடி. 21ஆம் தேதி அமெரிக்க ராணுவம் பேட்ரியாட் படைகளுக்கு ஒரு தகவல் அனுப்பியது, "ரொம்ப நேரம்" தொடர்ந்து ஓட்டினால் பிரச்சினை வரலாம் என்று. ரொம்ப நேரம் என்றால் எத்தனை மணி? அதை எழுதவில்லை. இருபது மணி நேரத்திலேயே ஆட்டம் காலி என்பது பின்னால் தெரிந்த விஷயம். திருத்திய சாஃப்ட்வேர் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்த தேதி பிப்ரவரி 26.

நடுவில் ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருந்தால் போதும். ஒன்றரை நிமிஷ வேலை.

—

#3 சும்மா_வந்தேன் · ஞாயிறு இரவு 10:31

இது அந்த கோபார் டவர்ஸ் குண்டுவெடிப்புதானே? லாரியில் வெடிமருந்து வைத்து அடித்தது?

—

#4 பிட்_பாபு · ஞாயிறு இரவு 10:38

இல்லை, அது 1996 ஜூன். லாரி குண்டு, 19 அமெரிக்க விமானப்படைக்காரர்கள். ஊர் அதேதான். இது அதற்கு ஐந்து வருஷம் முன்னால், வளைகுடாப் போர் நடக்கும்போது. தஹ்ரானை ஒட்டியிருக்கும் அல் கோபாரில் ஒரு கிடங்கைத் தற்காலிகத் தங்குமிடமாக மாற்றியிருந்தார்கள், அதன் மேல் விழுந்தது.

—

#5 மன்ரோவில்_மீனா · திங்கள் காலை 6:05

வாசு சார், உங்க கடைசி பெஞ்சு பொண்ணுக்கு என் சார்பா ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுங்க.

நான் பிட்ஸ்பர்க் பக்கம் இருக்கேன். இங்கே பென் ஹில்ஸ்ல இருக்கிற வெங்கடேஸ்வரா கோயில் நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அங்கேர்ந்து கிழக்கே கார்ல முக்கால் மணி நேரத்துக்குள்ள கிரீன்ஸ்பர்க் வந்துடும். மேடும் பள்ளமுமா இருக்கிற ஊர், ஒரு காலத்துல நிலக்கரி, இரும்பு, கண்ணாடின்னு சுத்துவட்டாரமே தொழிற்சாலையா இருந்தது. எண்பதுகள்ல ஸ்டீல் மில் எல்லாம் வரிசையா மூடினாங்க. அந்தக் காலத்துல இங்கே வளர்ந்த பசங்களுக்கு ரிசர்வ்ல சேர்றதுன்னா என்னன்னு சொன்னாதான் இந்தக் கதை புரியும்.

ரிசர்வ்னா முழுநேர ராணுவம் இல்லை. மாசத்துல ஒரு சனி ஞாயிறு, வருஷத்துக்கு ரெண்டு வாரம் பயிற்சி. மீதி நாள்லாம் கடையில வேலை, காலேஜ், குழந்தைகுட்டி. கையில கொஞ்சம் காசு வரும், காலேஜ் ஃபீஸுக்கு உதவி கிடைக்கும். சண்டைக்குப் போகணும்னு நினைச்சுச் சேர்ந்தவங்க கம்மி. அதுவும் தண்ணி சுத்தம் பண்ற யூனிட்டுன்னா வெள்ளம் வந்தா கூப்பிடுவாங்கன்னு வீட்டுல சமாதானம் சொல்லிக்கலாம்.

இவங்களைக் கூப்பிட்டது 1991 ஜனவரி 15. மூணு நாள்ல வர்ஜீனியாவுல ஃபோர்ட் லீ ராணுவ முகாம். ஒரு மாசம் பயிற்சி. பிப்ரவரி 19 சவூதியில இறங்கினாங்க. மொத்தம் 69 பேர். குவைத் எல்லைப் பக்கம் வடக்கே போகணும், அதுவரைக்கும் இங்கே இருங்கன்னு அந்தக் கிடங்குல தங்க வெச்சாங்க. வந்து ஆறாவது நாள் ராத்திரி 8:40க்கு ஸ்கட் விழுந்தது. 69 பேர்ல 13 பேர் போயிட்டாங்க, 43 பேருக்குக் காயம். அந்தப் போர்ல கூட்டுப்படைகள் பக்கம் இவ்வளவு அடிபட்ட யூனிட் வேற இல்லை. மூணாவது நாள், 28ஆம் தேதி, போர் நிறுத்தம்.

போன 13 பேர்ல பெரும்பாலும் இருபதுகள்ல இருந்தவங்க. ரெண்டு பேர் பொண்ணுங்க. 28 பேரையும் சேர்த்தா மூணு பொண்ணுங்க. பெண்களைப் போர்முனைக்கு அனுப்பக்கூடாதுன்னு அமெரிக்காவுல அப்போ விதியே இருந்தது. போர்முனை எங்கே இருக்குன்னு ஸ்கட்டுக்குத் தெரியலை போல.

பேர் எதுவும் இங்கே போடலை. தேடினா கிடைக்கும். ஆனா அவங்க குடும்பங்கள் இன்னும் இந்தப் பக்கத்துலதான் இருக்காங்க, மளிகைக் கடையில எனக்கு முன்னாடி வரிசையில நிக்கிறவங்களா கூட இருக்கலாம். அதனால எனக்கு ஒரு தயக்கம்.

—

#6 செங்காந்தள் · திங்கள் காலை 8:20

எல்லாம் சரி தோழர்களே. அதே மாதம் 13ஆம் தேதி பாக்தாத்தில் அமிரியா பதுங்குமிடத்தின் மேல் அமெரிக்க விமானங்கள் இரண்டு குண்டு போட்டன. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த 400க்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அவர்களைப் பற்றி எந்த இன்ஜினியரிங் ஸ்லைடிலும் வராது, ஏனென்றால் அந்தக் குண்டு துல்லியமாக விழுந்தது. கணக்குப் பிழையே இல்லை. 28 அமெரிக்கச் சிப்பாய்களுக்கு மதுரையில் உட்கார்ந்து கண்ணீர் விடுவது எனக்கு உறுத்துகிறது.

—

#7 பிட்_பாபு · திங்கள் காலை 8:44

ஆரம்பிச்சுட்டாங்கப்பா.

—

#8 மன்ரோவில்_மீனா · திங்கள் மாலை 5:50

செங்காந்தள், நீங்க சொன்னதுல ஒரு வரி கூட தப்பில்லை. பிழையில்லாம விழுந்த குண்டுன்னு சொன்னீங்களே, அதைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் வேலை ஓடலை.

ஆனா ஒண்ணு. நான் கண்ணீர் விட்டேன்னு எங்கேயும் எழுதலை. ஒரு மாணவி யாருன்னு கேட்டா. யாருன்னு சொன்னேன். அமிரியாவுல இருந்தவங்க யாருன்னு கேட்டு நீங்க ஒரு இழை தொடங்குங்க, முதல் ஆளா வந்து படிக்கிறேன். ஒரு சாவைச் சொல்லும்போது இன்னொரு சாவைக் கொண்டுவந்து பக்கத்துல வெச்சு, எது பெருசுன்னு எடை போடுறது எனக்கு ஒத்துக்கலை.

—

#9 தம்மாம்_பாய் · திங்கள் இரவு 11:10

அஸ்ஸலாமு அலைக்கும். காயல்பட்டணத்துக்காரன். எழுதுறது பழக்கமில்ல, பேரன் டைப் பண்ணித் தாரான். நான் சொல்லச் சொல்ல அடிக்கான், தப்பிருந்தா அவனத் திட்டுங்க.

86லேருந்து 94 வரைக்கும் தம்மாம்ல இருந்தேன். அந்த ராத்திரி அல் கோபார்லதான் இருந்தேன், எங்க கம்பெனி கேம்ப் அங்கதான். மீனாம்மா சொன்ன கிடங்கு எங்களுக்குக் கூப்பிடு தூரம் இல்ல, ஆனா ரொம்ப தூரமும் இல்ல.

ஜனவரி 17 சண்டை தொடங்குனதுலேருந்து ராத்திரின்னா சைரன்தான். ஜன்னல் இடுக்கு பூரா பிளாஸ்டிக் தாள் வெச்சு டேப் ஒட்டி வெச்சிருந்தோம், விஷவாயு வரும்னு பயம். மாஸ்க் எங்க ஆளுங்க எல்லாருக்கும் கிடைக்கல. ஈரத் துண்டு பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படுப்போம். ஊருக்குப் போவலாம்னா பாஸ்போர்ட்டு கம்பெனி கையில. அத விடுங்க, அது வேற கத.

முதல்ல ரெண்டு மூணு நாள் பயந்தோம். அப்புறம் பழகிட்டு. சைரன் வந்தா சிலர் மொட்டை மாடிக்கே போய்ப் பாப்பாங்க. பேட்ரியாட்டு மேல போறது வாணவேடிக்கை மாதிரி இருக்கும். டமார்னு ஒரு சத்தம், எல்லாரும் கை தட்டுவாங்க. அத நம்பித்தான் தூங்குனோம். பேட்ரியாட்டு இருக்கு, ஒண்ணும் ஆவாதுன்னு.

அன்னைக்கு ராத்திரி சாப்பாடு முடிஞ்சு டீ போட்டுக்கிட்டு இருந்தோம். மேல போற சத்தமே கேக்கல. நேரா கீழேருந்துதான் வந்துச்சு. கட்டடமே ஒரு குலுக்கு. டீ கொட்டிட்டு. ஒருத்தரும் பேசல. கொஞ்ச நேரத்துல ஆம்புலன்ஸ் சத்தம், அது நிக்கவே இல்ல, ராத்திரி முழுக்க. ஹெலிகாப்டர் வேற. மறுநாள் பிபிசி ரேடியோ தமிழோசையிலதான் முழுசா கேட்டோம், அமெரிக்கக்காரங்க தங்குன இடம்னு.

இந்தக் கம்ப்யூட்டர் கதை எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். பேரன் படிச்சுக் காட்டுனான். மேல போற சத்தம் ஏன் கேக்கலன்னு இத்தனை வருசம் கழிச்சு இப்பத்தான் விளங்குது.

அவங்க தண்ணி சுத்தம் பண்ண வந்த புள்ளைங்கன்னு எழுதிருக்கீங்க. அதுவும் இப்பத்தான் தெரியும். அந்த ஜனவரி கடைசியில குவைத்துப் பக்கத்துலேருந்து கடல்ல எண்ணெய் பரவி வந்துச்சு. அங்க குடிதண்ணியே கடல்தண்ணிய மாத்தி எடுக்குறதுதான். எண்ணெய் வந்து தண்ணி ஆலைய அடைச்சிட்டா என்ன பண்றதுன்னு ஜனங்க கேன் கேனாப் புடிச்சு வெச்சாங்க. நாங்க பக்கெட்டு, டிரம்மு, சட்டி வரைக்கும் நிரப்பி வெச்சிருந்தோம். குண்டுக்குப் பயந்ததை விட தண்ணிக்குப் பயந்தது ஜாஸ்தி. அந்த நேரத்துல தண்ணி எடுக்கத் தெரிஞ்ச புள்ளைங்க பக்கத்துல வந்து இறங்கி, ஆறு நாளுல மவுத்தாயிட்டாங்க.

செங்காந்தள் தம்பி கோவப்படுறதும் நியாயந்தான். பாக்தாத் செய்தி கேட்ட அன்னைக்கு எங்க கேம்ப்புல சோறு இறங்கல. ரெண்டு நாளும் எனக்கு ஞாபகம் இருக்கு.

—

#10 செங்காந்தள் · திங்கள் இரவு 11:48

பாய், நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு என் பதிவின் கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். முதல் வரிகளை அல்ல.

—

#11 சாப்பர்_தம்பி · செவ்வாய் காலை 7:30

நான் எம்.இ.ஜி., பெங்களூரு. மெட்ராஸ் சாப்பர்ஸ், இந்திய ராணுவத்தின் இன்ஜினியர் பிரிவு. எங்களை ராணுவத்தில் எல்லா இடத்திலும் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள், அறுபது வயசானாலும் தம்பிதான். ரிட்டையர் ஆகிப் பதினாலு வருஷம். எங்கள் வேலையில் பாலம், ரோடு, கண்ணிவெடி எல்லாம் உண்டு, களத்தில் தண்ணீர் ஏற்பாடும் உண்டு. ஆகவே இந்த விஷயத்தில் நான் வாய் திறக்கலாம் என்று நினைக்கிறேன்.

சினிமாவில் தண்ணீர் யூனிட்டைக் காட்டமாட்டார்கள். ராஜஸ்தான் பக்கம் எக்சர்சைஸ் போனவனைக் கேளுங்கள். டாங்கி பின்னாலேயே நிற்கட்டும், வாட்டர் பவுசர் (தண்ணீர் லாரி) எங்கே என்றுதான் முதலில் கேட்பான். பாலைவனத்தில் ஒரு டிவிஷன் நகர்வதை முடிவு செய்வது தண்ணீர். ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர், சமையலுக்குத் தண்ணீர், இன்ஜினுக்குத் தண்ணீர். குட்டையில் கிடப்பதையும் உப்புத் தண்ணீரையும் இழுத்து, சவ்வு வழியாக அழுத்தித் தள்ளிக் குடிதண்ணீராக்குகிற மெஷின்கள்தான் அந்தப் பசங்கள் கையில் இருந்தவை. உங்கள் வீட்டுச் சமையல்கட்டில் சுவரில் தொங்குகிற ஆர்.ஓ. இருக்கிறதே, அதே தத்துவம். அதை டிரெய்லரில் ஏற்றினால் எப்படியிருக்கும், அப்படி.

ஏன் இந்த வேலையை வாரக்கடைசி சிப்பாய்களிடம் கொடுத்தார்கள் என்று யாராவது கேட்பீர்கள். வியட்நாமுக்குப் பிறகு அமெரிக்கா தன் ராணுவத்தை மாற்றி அடுக்கியது. சண்டைப் படைகளை முழுநேரமாக வைத்துக்கொண்டது. தண்ணீர், போக்குவரத்து, மருத்துவம் மாதிரியான பின்னணி வேலைகளில் பெரும்பகுதியை ரிசர்வுக்குத் தள்ளியது. அமைதிக் காலத்தில் செலவு மிச்சம். அதற்கு இன்னொரு காரணமும் சொல்வார்கள்: பெரிய போர் என்றால் ஊர் ஊராக ரிசர்வைக் கூப்பிட்டே ஆகவேண்டும், அப்போது நாட்டு மக்களைக் கேட்காமல் போருக்குப் போகமுடியாது. 91இல் ராணுவ ரிசர்விலிருந்து மட்டும் 80,000 பேருக்கு மேல் கூப்பிட்டார்கள்.

அந்த ஏற்பாட்டின் விலை என்ன என்றால், ஒரே ஊர்க்காரர்கள் ஒரே யூனிட்டில் இருப்பார்கள். முழுநேர ராணுவத்தில் ஒரு குண்டு விழுந்தால் பத்து மாநிலத்துக்குத் தந்தி போகும். ரிசர்வில் விழுந்தால் ஒரே தாலுகாவில் பத்து வீடு. நம்மூரில் டெரிட்டோரியல் ஆர்மி இருக்கிறது, கோயமுத்தூரில் 110ஆவது பட்டாலியன். அவர்களுக்கும் இதே கதைதான், வேலைக்குப் போகிற ஆள், கூப்பிட்டால் சீருடை. நம் ஜனங்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பிட்_பாபுவுக்கு ஒன்று. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருந்தால் போதும்" என்று எழுதினீர்கள். சைரன் அடிக்கிற ஊரில், ஸ்கட் எப்போது வரும் என்று தெரியாத ராத்திரியில், அந்த ஒன்றரை நிமிஷம் ரேடாரை அணைக்கச் சொல்கிற ஆள் நீங்களாக இருந்திருந்தால் அணைத்திருப்பீர்களா? ஏன் என்று சொல்லாமல், எத்தனை மணிக்கு ஒருதரம் என்று சொல்லாமல் ஒரு காகிதம் வந்தால்? அந்தப் பேட்ரியாட்டை இயக்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

—

#12 பிட்_பாபு · செவ்வாய் காலை 9:02

சரியான அடி, ஐயா. ஒத்துக்கிறேன்.

என் சார்பில் ஒரு சேர்க்கை. பேட்ரியாட்டை எழுபதுகளில் வடிவமைத்தது விமானங்களைச் சுட. ஓரிடத்தில் சில மணி நேரம் நின்றுவிட்டு வேறிடத்துக்கு நகரும் என்று நினைத்துச் செய்த பொருள். நகரும்போதெல்லாம் ரீபூட் ஆகிவிடும், பிழை சேரவே சேராது. தஹ்ரானில் அதை ஒரே இடத்தில் நட்டு நாள்கணக்கில் ஓட்டினார்கள், ஸ்கட்டைச் சுட. 0.1 முடியாத எண் என்பது எழுதினவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. இது நூறு மணி நேரம் ஓடும் என்பதுதான் அவருக்குத் தெரியாது. நேற்று ராத்திரி என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு பழைய புரோகிராம் எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்று எட்டிப் பார்த்தேன். 412 நாள். தூக்கம் போச்சு.

—

#13 சும்மா_வந்தேன் · செவ்வாய் காலை 9:20

மீனா அக்கா, அங்கே நினைவுச்சின்னம் ஏதாவது இருக்கா?

—

#14 மன்ரோவில்_மீனா · செவ்வாய் மாலை 6:40

இருக்கு. கிரீன்ஸ்பர்க்ல அவங்களோட ரிசர்வ் சென்டர்லயே. 13 பேரும் அதுல இருக்காங்க. ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி 25 அங்கே கூடுவாங்க, பேர் ஒண்ணொண்ணா வாசிப்பாங்க.

நான் ஒரு தடவைதான் போயிருக்கேன். ஏன் போனேன்னா, பழைய ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுல இருந்த அம்மா அந்த ஊர். வருஷா வருஷம் அந்தத் தேதிக்கு லீவு போடுவாங்க. பிறந்தநாளான்னு அசட்டுத்தனமா ஒரு தடவை கேட்டுட்டேன். அப்புறம்தான் சொன்னாங்க. சொந்தக்காரங்க யாரும் இல்லை, ஸ்கூல்ல கூடப் படிச்சவங்க ஒருத்தர் அந்த யூனிட்ல இருந்தாராம். அன்னைக்கு நீயும் வர்றியான்னு கேட்டாங்க, போனேன்.

பிப்ரவரின்னா இங்கே எலும்பு வரைக்கும் குளிரும். பெரிய கூட்டம்னு சொல்லமுடியாது. வயசானவங்க, கொஞ்சம் நடுத்தர வயசு, சீருடையில இப்போ அந்த யூனிட்ல இருக்கிற பசங்க. அந்தப் பசங்கள்ல பலர் 91ல பிறந்திருக்கவே மாட்டாங்க. பேர் வாசிக்கும்போது யாரும் அழலை. ஒரு பேர் வந்ததும் எனக்கு முன்னாடி நின்னவர் தொப்பியைக் கழட்டி மறுபடி போட்டுக்கிட்டார், அவ்வளவுதான். திரும்பி வரும்போது கார்ல அந்த அம்மா ஒண்ணு சொன்னாங்க. செய்தி வந்தது இங்கே பகல்ல. அங்கே ராத்திரி 8:40ன்னா இங்கே மதியம் 12:40, திங்கட்கிழமை. டிவியில "அமெரிக்க வீரர்கள் தங்கின இடத்துல ஸ்கட்"னு காட்டிட்டாங்க. யாருன்னு சொல்லலை. ஊர் முழுக்க ஒருத்தருக்கொருத்தர் போன் பண்ண ஆரம்பிச்சிட்டாங்களாம். நம்ம ஊர்ப் பசங்க அங்கேதான் இறங்கியிருக்காங்கன்னு தெரியும், அந்த இடத்துலதானான்னு தெரியாது. அவங்க வீட்டுல அப்பா போன் பக்கத்துலேர்ந்து யாரையும் நகரவிடலை, அதே சமயம் யாரும் போனை எடுக்கவும் கூடாதுன்னாராம். எதுக்குன்னு அவருக்கே தெரியலைன்னு சொன்னாங்க.

அந்தப் போர்ல அமெரிக்கா தரப்புல சண்டையில இறந்தவங்க மொத்தம் 150க்குக் கொஞ்சம் கம்மி. அதுல அஞ்சுல ஒரு பங்கு இந்த ஒரே நிமிஷத்துல. சுலபமா ஜெயிச்ச போர்னு நாடே ஊர்வலம் விட்டுக்கிட்டிருந்தப்போ கிரீன்ஸ்பர்க்ல சவ ஊர்வலம். கொண்டாட்டம் நடக்கிற வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல எழவு விழுந்தா எப்படி இருக்கும், ரேடியோ சத்தத்தைக் குறைக்கச் சொல்லவும் வாய் வராது. அந்த மாதிரின்னு வெச்சுக்கோங்க.

—

#15 தம்மாம்_பாய் · புதன் காலை 10:25

மீனாம்மா, அடுத்த தடவ போனா எனக்காவவும் ஒரு நிமிசம் நில்லுங்க. அந்த ஊர்ல அந்த ராத்திரி இருந்த ஒருத்தன் கேட்டான்னு சொல்லவேணாம். சும்மா நில்லுங்க போதும்.

பேரன் சொல்றான், வாப்பிச்சா இத நீங்க எங்ககிட்ட ஒருநாளும் சொன்னதே இல்லயேன்னு. நீங்க கேக்கலயேடான்னேன்.

—

#16 நெறியாளர் · புதன் காலை 11:00

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன் (ஒன்று மதத்தை இழுத்தது, ஒன்று பாஸ்போர்ட் விஷயத்தில் கம்பெனி பெயர் கேட்டது). செங்காந்தள் அமிரியா பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறார், அந்த விவாதம் அங்கே. இந்த இழை திறந்தே இருக்கும்.

—

#17 கரும்பலகை_வாசு (மதுரை) · வியாழன் இரவு 8:15

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கு அதே கிளாஸ் இருந்தது.

ஸ்லைடை மாற்றவில்லை. கணக்கு அதே கணக்கு. அது முடிந்ததும் புரொஜெக்டரை அணைத்துவிட்டுப் போர்டில் எழுதிச் சொன்னேன். கிரீன்ஸ்பர்க், தண்ணீர், 15 ஜனவரி, 19 பிப்ரவரி, 25 பிப்ரவரி, 26 பிப்ரவரி, 28 பிப்ரவரி. பாயின் டீ கொட்டியதைச் சொன்னேன். சாப்பர் ஐயா பாபுவைக் கேட்ட கேள்வியைப் பசங்களிடம் அப்படியே கேட்டேன், ரேடாரை அணைப்பீர்களா என்று. பாதிப் பேர் அணைப்போம் என்றார்கள், பாதிப் பேர் மாட்டோம் என்றார்கள். பத்து நிமிஷம் சண்டை. இத்தனை வருஷத்தில் இந்தப் பாடத்தில் இவர்கள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. பாபுவின் 412 நாளையும் சொன்னேன், சிரித்தார்கள், அப்புறம் சிரிப்பை நிறுத்தினார்கள்.

அந்தப் பெண் மட்டும் பேசவில்லை. நோட்டில் ஏதோ போட்டுக்கொண்டிருந்தாள். மணி அடித்து எல்லோரும் கிளம்பியபிறகு மேஜைக்கு வந்தாள். நான் போர்டில் எழுதியிருந்த 69, 13, 43 மூன்றையும் காட்டினாள்.

"சார், 69ல 13 போச்சு, 43 போச்சு. மீதியும் 13 வருது."

நான் அதைக் கழித்துப் பார்த்ததே இல்லை. கணக்கு வாத்தியார்.

"அந்தப் பதிமூணு பேர் அப்புறம் என்ன ஆனாங்க சார்?"

மீனா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. 25ஆம் தேதி நீங்கள் அந்தப் பக்கம் போவதாக இருந்தால் விசாரிக்க முடியுமா? வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள்.

—

#18 மன்ரோவில்_மீனா · வியாழன் இரவு 9:02

போறேன் சார். பாய்க்காகவும்தான். தொப்பியைக் கழட்டிப் போட்டாரே, அவர் இந்த வருஷமும் வந்தா பக்கத்துல போய் நிக்கிறேன். கேட்கிறேனா இல்லையான்னு அங்கே போய்ப் பார்த்துக்கிறேன்.